கோழிக்குஞ்சு நொண்டுகிறதா? கட்டுப் போடும் முன் காலைப் பாருங்கள்

குஞ்சு காலை இழுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்ததும் கட்டுப் போடத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். எல்லாக் கால் கோளாறுக்கும் கட்டு சரிவராது, தப்பான கட்டு இருக்கிற காலையும் கெடுத்துவிடும்.

முதல் வேலை, அதைத் தனியே எடுத்து வைப்பது. நொண்டும் குஞ்சை மற்றவை மிதிக்கும், கொத்தும், தீனிப் பக்கம் நெருங்க விடாது. ஆனால் ஒரேயடியாகப் பிரித்துவிட்டால் கத்தியே சோர்ந்துபோகும், அதனால் நடுவில் கம்பி வலை வைத்து, கூட்டாளிகள் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். முதல் வாரக் குஞ்சுக்குச் சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். இங்கே பலரும் கோட்டைவிடும் விஷயம் ஒன்று: நல்ல குஞ்சு சூடு அதிகமானால் விளக்கை விட்டுத் தள்ளிப் போய்விடும், இதால் அது முடியாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நீங்கள்தான் நகர்த்தி வைக்க வேண்டும்.

இப்போது காலைப் பாருங்கள். உள்ளங்கையில் உட்கார வைத்து இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விரலிடுக்கில் நூலோ முடியோ சுற்றி இறுக்கியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், சில சமயம் மொத்தப் பிரச்சினையும் அதுதான், சின்னக் கத்தரியால் மெதுவாக வெட்டி எடுத்தால் போதும்.

இரண்டு காலும் பக்கவாட்டில் அகண்டு, குஞ்சு வயிற்றில் படுத்துக் கிடந்தால் அது கால் அகட்டல். வழுக்கும் தரை இதற்கு ஒரு முக்கியக் காரணம், செய்தித்தாள் விரிப்பதை நான் அறவே வேண்டாம் என்பேன். இதற்குக் கட்டு நன்றாகவே வேலை செய்யும், அதுவும் பொரித்த முதல் சில நாட்களுக்குள் போட்டால்.

1. ஒட்டும் பேண்டேஜை ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

2. ஒருவர் குஞ்சைப் பிடிக்க, மற்றவர் முழங்கால் போலத் தெரியும் மூட்டுக்குக் கீழே, விரல்களுக்கு மேலே, ஒவ்வொரு காலையும் தளர்வாகச் சுற்ற வேண்டும். இரண்டு காலுக்கும் நடுவே, இயல்பாக நிற்கும்போது இருக்கும் அகலத்துக்கு ஒரு பாலம் இருக்கட்டும். நடுவில் ஒட்டுப்பசை வெளியே தெரியாதபடி மடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரோமம், தூசி எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

3. சொரசொரப்பான துணியில் விடுங்கள். நூல் வளையம் உள்ள துண்டு வேண்டாம், நகம் மாட்டும். முதலில் குப்புற விழும், விழட்டும், எழப் பழகிக்கொள்ளும்.

4. அடிக்கடி விரல்களைப் பாருங்கள். வீங்கினாலோ நிறம் மாறினாலோ உடனே அவிழ்த்துத் தளர்வாகப் போடுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் கால் நேராகிவிடும்.

விரல்கள் மட்டும் உள்பக்கமாகச் சுருண்டிருந்தால் பி2 உயிர்ச்சத்துக் குறையாக இருக்கலாம். குஞ்சுத் தீனியை மாற்றுங்கள், சத்து மருந்தின் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். மூட்டு வீங்கி, கால் ஒரு பக்கமாகத் திருகியிருந்தால் தசைநார் இடம் விலகியிருக்கலாம். கால் தொங்கினாலோ எலும்பு வெளியே தெரிந்தாலோ முறிவுதான். இந்த இரண்டிலும் இழுத்து நேராக்கப் பார்க்காதீர்கள், டப்பாவில் துணி விரித்து நேரே மருத்துவரிடம். வலிக்கிறதே என்று மனிதர்களின் வலி மாத்திரையில் துணுக்கு கொடுப்பதும் கூடாது.

எந்தக் கோளாறானாலும் தண்ணீர் முக்கியம். ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டு, எட்டும் தூரத்தில் வையுங்கள். குடிக்காவிட்டால் அலகின் நுனியை மட்டும் நனையுங்கள், வாய்க்குள் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும்.

தடுமாறாமல் நடந்து, தானே தின்ன ஆரம்பித்ததும் சாதுவான ஒரு குஞ்சை மட்டும் முதலில் கூட விடுங்கள். கொத்தாமல் இருந்தால் மறுநாள் கூட்டத்தோடு சேர்க்கலாம்.