21 இலக்க எண்ணைப் பிரித்த கதை

2இன் 67ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் 147573952589676412927. 1644இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் மெர்சென் இதைப் பகா எண் பட்டியலில் சேர்த்தார். 1876இல் இன்னொரு பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா அது பகு எண் என்று நிறுவினார். காரணி எதையும் அவர் தரவில்லை.

அந்தக் காரணிகளை நானே தேடலாமே என்று விரிதாளைத் திறந்தேன். கடைசி ஆறு இலக்கங்களும் பூஜ்ஜியமாக வந்தன! ஒற்றைப்படை எண் இரட்டைப்படையாகிவிட்டால் எதை வகுப்பது? கட்டத்தில் 15 இலக்கத்துக்கு மேல் தங்காது; பத்தியை அகலமாக்குவதெல்லாம் வீண்வேலை.

பைத்தான் நிரல்மொழியில் முழு எண்ணுக்கு அந்த வரம்பு இல்லை. முதலில் அது பகு எண்தானா என்று பார்க்க வேண்டும். ஆனால் பகா எண்ணா என்று பார்க்கும் ஃபெர்மா சோதனை, 2ஐ அடியாக வைத்தால், இங்கே உதவாது. அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மெர்சென் எண்கள் (2இன் அடுக்கிலிருந்து 1 கழித்தவை) எல்லாமே அதில் தேறிவிடும், பகு எண்கள் உட்பட. லூக்கா-லேமர் சோதனைதான் சரி: 4இல் தொடங்கி, வர்க்கமாக்கி, 2 கழித்து, நம் எண்ணால் வகுத்து மீதி எடுத்து, இப்படியே 65 சுற்று. முடிவில் 0 வரவில்லை என்றால் பகு எண்.

காரணி தேட எல்லா எண்ணையும் சோதிக்க வேண்டாம். எந்தக் காரணியும் 134k + 1 வடிவில்தான் இருக்கும் (k முழு எண்; 134 என்பது 67இன் இரு மடங்கு). 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. இந்தச் சல்லடைதான் வேலையைக் குறைத்தது. k = 1445580இல் 193707721 சிக்கியது. இன்னொன்று 761838257287. அமெரிக்கக் கணித அறிஞர் கோல் 1903இல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிய அதே ஜோடி.

ஒன்று மட்டும் கவனம்: வகுக்கும்போது ஒற்றைச் சாய்கோடு (/) போட்டால் பைத்தானும் தசம எண்ணுக்குத் தாவி, கடைசி இலக்கங்களைத் தொலைத்துவிடும். இரட்டைச் சாய்கோடு (//) போடுங்கள்.