கேட்டரிங் சேருமுன் கத்தியைப் பிடி

12 வருஷமாக சென்னையில் ஹோட்டல் கிச்சனில் நிற்கிறேன். எங்கள் தேனிப் பக்கத்தில் யாராவது பிளஸ் டூ முடித்தால், "அக்கா, கேட்டரிங் சேரலாமா?" என்று போன் வரும். வெங்காயம் நறுக்கத் தெரியுமா என்றுதான் முதலில் கேட்பேன்.

என்சிஹெச்எம் ஜேஇஇ என்ற நுழைவுத் தேர்வு எழுதினால், தரமணியில் இருப்பது போன்ற மத்திய அரசின் ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரிகளில் 3 வருஷ பி.எஸ்ஸி. படிக்கலாம். சமையல் மட்டும் போதும் என்றால் பத்தாவது முடித்தவர்களுக்கு ஒன்றரை வருஷ கிராஃப்ட் கோர்ஸ் இருக்கிறது.

சேருவதற்கு முன்னால் கிடைக்கும் இரண்டு மாதம்தான் பொன்னான நேரம். 8 அங்குல செஃப் கத்தி ஒன்று வாங்கிக்கொள். கைப்பிடியை மட்டும் பிடிக்காதே. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கைப்பிடியை ஒட்டி அலகின் இரு பக்கத்தையும் கிள்ளினாற்போல் பிடிக்க வேண்டும். இடது கை விரல் நுனிகளை உள்ளே மடக்கு, கத்தி விரல் கணுவை உரசி இறங்கும். வெங்காயத்தை இரண்டாகப் பிளந்ததும் வேர்ப் பக்கத்தை வெட்டி எறிந்துவிடாதே. இதழ்களைச் சேர்த்துப் பிடித்திருப்பதே அதுதான். வேரைத் தொடாமல் நீளவாக்கில் கீறு, அப்புறம் குறுக்கே நறுக்கு. துண்டுகள் ஒரே அளவில் இருந்தால்தான் ஒன்றாக வதங்கும். பொடித்துண்டு கருகினால் கிரேவியே கசந்துவிடும். தினமும் ஒரு கிலோ, அவசரமில்லாமல் நறுக்கு. வேகம் தானாக வரும்.

அம்மா சமைக்கும்போது பக்கத்தில் தராசோடு நில். "ஒரு கைப்பிடி" என்று அவர் போடுவதை கிராமில் எழுதி வை. நாளைக்கு நூறு பேருக்குச் சமைக்க அந்தக் கணக்குதான் கைகொடுக்கும்.

இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங் என்று ஹோட்டலுக்கு அனுப்புவார்கள். படிப்பிலேயே முக்கியமான காலம் இது. எனக்கு அதில் பெரும்பகுதி பூண்டு உரித்தே போனது. வாய் திறந்து கேட்காமல் இருந்துவிட்டேன், அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. நீ முதல் வாரமே கேட்டுவிடு: தந்தூர், பேக்கரி, சாலட் மாதிரி சூடில்லாத உணவு செய்யும் கோல்ட் (cold) கிச்சன் என்று எந்தெந்தத் தேதியில் மாற்றுவீர்கள்? பூண்டு உரிக்கும் நாளிலும் பக்கத்து அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று கவனி.

சரி, வேலையில் சேர்ந்தால் கமியாகத்தான், அதாவது கிச்சனின் அடிப்படை நிலைச் சமையல்காரராகத்தான், தொடங்குவாய். பத்து மணி நேரம் நிற்க வேண்டும், தீபாவளிக்கு லீவு கேட்க முடியாது. இதை வீட்டில் இப்போதே சொல்லிவிடு. ஷூவில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதே. வழுக்காத அடி, கெட்டியான முன்பக்கம் வேண்டும். இடுப்பில் எப்போதும் காய்ந்த துணி ஒன்று தொங்கட்டும். ஈரத்துணியால் சூடான கடாயைப் பிடித்தால் ஆவி கையைப் பொசுக்கிவிடும்.