வானம் ஏன் நீலம்: சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம் நெருங்கினால் டெல்லியில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சோதனை செய்து காட்டப் புதிதாகச் சிலர் கிளம்புவார்கள். கையில் டார்ச், மீன் தொட்டி, ஒரு பாக்கெட் பால். இந்த வருடம் ஆர்.கே.புரத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். நான் ஒரு காலத்தில் உளறியதையெல்லாம் ஒரு தம்பி வரிசை மாறாமல் உளறினார். கடலின் நீலம்தான் வானத்தில் தெரிகிறது என்று மட்டும் சொல்லவில்லை. அந்த அளவுக்கு இப்போது யாரும் போவதில்லை, அதை விடுகிறேன்.

தூசியைக் கூப்பிடுவது

"காற்றில் இருக்கும் தூசி ஒளியைச் சிதறடிக்கிறது, அதனால் வானம் நீலம்." இதைக் கேட்டால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சில வருடங்களுக்கு முன் முனிர்காவில், ஒரு நவம்பர் காலையில், நானே இதைச் சொன்னேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டுக் கேட்டாள்: "அங்கிள், தூசி டெல்லியிலதானே ஜாஸ்தி? அப்போ நம்ம வானம்தானே ரொம்ப நீலமா இருக்கணும்?"

தலைக்கு மேலே வானம் வடித்த கஞ்சி நிறத்தில் இருந்தது. "அது வேற தூசிம்மா" என்று சமாளித்தேன். கொல்லென்று சிரித்தார்கள். அப்புறம் ஒரு மணி நேரம் நான் சொன்ன எதையும் ஒரு பிள்ளையும் நம்பவில்லை.

நீலத்துக்குக் காரணம் காற்றேதான்; நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகள். நீல ஒளியின் அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர். மூலக்கூறு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அவ்வளவு சிறியது ஒளியைச் சிதறடிக்கும்போது, அலைநீளம் பாதியானால் சிதறல் 16 மடங்காகும். இந்தக் கணக்கில் 700 நானோமீட்டர் சிவப்பைவிட நீலம் கிட்டத்தட்ட 6 மடங்கு சிதறுகிறது. வானத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் கண்ணுக்கு வந்து சேர்வது அதுதான்.

துகள் பெரிதானால் இந்த ஓரவஞ்சனை குறைந்துவிடும். டெல்லிவாசிகளுக்கு மனப்பாடமான பிஎம் 2.5 என்றால் 2,500 நானோமீட்டர் வரை உள்ள துகள்கள். ஒளியின் அலைநீளம் அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ இருப்பவை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். எல்லாம் கலந்தால் வெளுப்புதான். ஆக, தூசி நீலத்தைத் தருவதில்லை, கெடுக்கிறது. 2020 ஊரடங்கில் வண்டிகள் நின்றதும் டெல்லி வானம் பளிச்சென்று ஆனதே, அதைச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

19ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்த இயற்பியலாளர் டிண்டாலும் நுண்துகள்களைத்தான் நினைத்தார். சிதறலுக்கு 1871இல் கணக்குப் போட்ட இயற்பியலாளர் ரேலேகூடத் துகள் என்றுதான் பேசினார். காற்றின் மூலக்கூறுகளே போதும் என்று 1899இல்தான் காட்டினார். அவர்கள் தடுமாறியதில் நியாயம் உண்டு. நமக்கு என்ன கேடு?

பாலைக் கொட்டுவது

தொட்டித் தண்ணீர்தான் வானம், பால்தான் அதில் ஒளியைச் சிதறடிப்பது; அதனால் பாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அறையை இருட்டாக்கி, ஒரு முனையில் டார்ச்சை வைத்து, ஒவ்வொரு சொட்டுக்கும் கலக்கிவிட்டுப் பாருங்கள். ஒரு கட்டத்தில் பக்கவாட்டில் மெல்லிய நீலம் தட்டும். எதிர்முனையில் டார்ச்சின் முகம் மஞ்சளாகி ஆரஞ்சுக்குப் போகும். அங்கே நிறுத்துங்கள். அந்தத் தம்பி அரை டம்ளர் ஊற்றினார். தொட்டிக்குள் மேகம் வந்தது, வானம் வரவில்லை. பழைய குண்டுபல்பு டார்ச்சும் வேண்டாம், அதில் நீலமே குறைவு. எல்இடி நல்லது.

ஊதாவை மறைப்பது

ஊதா இன்னும் அதிகமாகச் சிதறுமே என்று ஏதாவது ஒரு வாண்டு கேட்கும். சூரிய ஒளியில் ஊதா குறைவு, நம் கண்ணுக்கும் ஊதாவில் கூர்மை குறைவு என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

ராமன் விளைவைச் செருகுவது

வானத்தின் நீலம் ரேலே கணக்குப் போட்ட ரேலே சிதறல்; சிதறும்போது ஒளியின் நிறமே சற்று மாறுகிற ராமன் விளைவு அல்ல. சி.வி.ராமன் திருச்சியில் பிறந்தவர் என்ற பாசத்தில் சேர்க்காதீர்கள். 1921 கப்பல் பயணத்தில் அவரை யோசிக்க வைத்தது கடலின் நீலம்.

சூரியனைப் பார்க்கச் சொல்வது

கூடாது. புகைமூட்டத்தில் நிலா மாதிரி தெரிந்தாலும் கூடாது.