மாடியில் சோலார் போடும் முன் மார்கழி நிழலைப் பாருங்கள்

செங்கோட்டையிலிருந்து வாரம் இரண்டு தடவை மலை தாண்டிக் கேரளத்துப் புனலூர் போய் வருவேன். காருக்கு ஊற்றிய பெட்ரோலையும் வீட்டு ஈ.பி. கணக்கையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் சோலாருக்கு மாறினேன்.

முதலில் நீங்களும் அந்தக் கணக்கைப் போடுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நம் நாட்டில் நிலக்கரி மின்சாரமே அதிகம் என்பதால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. இரண்டு மாத யூனிட்டை 60-ஆல் வகுத்தால் தினசரித் தேவை தெரியும். 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். வீட்டு மாடி சோலாருக்காக 2024-இல் வந்த மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு.

அடுத்து நிழல். இதில் அவசரமே கூடாது. எங்கள் மாடியைச் சித்திரையில் பார்த்துவிட்டுப் பேனல் மாட்டினார்கள். அப்போது உச்சி வெயில் தலைக்கு நேர் மேலே. தெற்கு வேலித் தென்னையின் நிழல் அதன் தூரிலேயே கிடந்தது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்ததும் கீற்று நிழல் இரண்டு பேனல்களின் மேல் ஆடத் தொடங்கியது. பேனல்களைச் சரமாகக் கோத்திருப்பதால் ஒன்றிரண்டில் நிழல் விழுந்தாலும் மொத்த உற்பத்தியும் அடிவாங்கும். பேனல் மட்டத்துக்கு மேல் 10 அடி நிற்கும் மரம், மார்கழி நண்பகலில் வடக்கே 6 அடிக்கு மேல் நிழல் தள்ளும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம்.

அதனால் மார்கழியில் ஒரு நாள் 9, 12, 3 மணிக்கு நிழலின் ஓரத்தை மாடித் தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். செல்போன் செயலியைவிட எனக்குச் சாக்பீஸ்தான் நம்பிக்கை. தென்னையை வெட்ட மனம் வராமல் பேனல்களை வடக்கு ஓரத்துக்கு நகர்த்தினேன். நகர்த்த இடமில்லாதவர்கள் ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு மைக்ரோ இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சின்னக் கருவி) போடுங்கள்; ஒன்றின் நிழல் மற்றதைப் பாதிக்காது; விலை கூடினாலும் அதுதான் சரி.

அப்புறம் வண்டி. ஊருக்குள் சுற்ற மின்சார ஸ்கூட்டர் போதும். சார்ஜ், தண்ணீர் மோட்டார் எல்லாம் பகல் 10 முதல் 3 மணிக்குள். மின்சாரக் கார் வாங்கினால், புனலூர் வழியில் ஆரியங்காவு தாண்டித் தென்மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்குக் கொஞ்சம் திரும்ப ஏறும். தனியாகப் போகும் நாளில் நான் ரயில்தான். 2018-இல் அகலப்பாதை வந்துவிட்டதே.

பின்சேர்க்கை: கரண்ட் போனால் சோலாரும் நிற்கிறதே என்று சிலர் கேட்டார்கள். நம் பேனல் மின்சாரம் தெருக் கம்பிக்குப் போய்விடாமல், அதில் கை வைக்கும் லைன்மேனைக் காக்கவே சோலார் இன்வெர்ட்டர் தானாக அணைகிறது. மின்வெட்டில் விளக்கு எரிய பேட்டரி தனியாக வேண்டும். ஆனி, ஆடிச் சாரலில் யூனிட் குறைவது பழுதல்ல. மேகம் விலகிய பகலில் ரீடிங் எடுத்து, அப்போதும் குறைந்தால் மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள்.