நடந்தால் கட்டாகிற போன் கால்

பெங்களூரு அல்சூரில், சந்துக்குள் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம், உள்ளே மொபைல் சிக்னல் ஒரு கோடு வந்தால் அதிசயம். டவருக்குப் பதில் வீட்டு நெட் வழியாகக் கால் போகும் வைஃபை காலிங்தான் கதி. ஒரே வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் மெஷ் செட் வாங்கி மூன்று பெட்டி வைத்த பிறகும், அம்மா கும்பகோணத்திலிருந்து பேசும்போது நான் பேசிக்கொண்டே மாடிப்படி ஏறினால் போதும், "கேக்குதா, கேக்குதா" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு வைத்துவிடுவார். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 200 எம்பிபிஎஸ் காட்டும். அந்த எண்ணைப் பார்த்தே ஒரு மாதம் ஏமாந்தேன். ஒரு காலுக்கு நொடிக்கு 100 கிலோபிட், அதாவது 0.1 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம், ஆனால் அது விட்டுவிட்டு வராமல் சீராக வரவேண்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஃபிளைட் மோடைப் போட்டு, வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள். இப்போது கால் வைஃபையில் மட்டும்தான் போகும், டவர் குறுக்கே வந்து குழப்பாது. நெட் வந்து சேரும் முதல் பெட்டியான மெயின் ரௌட்டர் பக்கத்திலேயே நின்று ஐந்து நிமிடம் பேசுங்கள். அப்புறம் ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் நகராமல் நின்று பேசுங்கள். கடைசியாக நடந்துகொண்டே பேசுங்கள். எங்கே கட்டாகிறது என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியம்.

மெயின் ரௌட்டர் பக்கத்திலேயே கட்டானால் மெஷ்மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் ஃபைபர்காரர் கொடுத்த பெட்டியும் ரௌட்டர் வேலை பார்க்கும், நாம் வாங்கியதும் அதே வேலையைப் பார்க்கும், ஒரே வீட்டில் இரண்டு நாட்டாமை. வைஃபை கால் ஐபிசெக் என்ற பூட்டிய சுரங்கம் வழியாக, ரௌட்டரில் யுடிபி 500, 4500 என்ற வாசல்களில் (போர்ட்) போகிறது. போன் சும்மா கிடக்கும்போது நடுவில் இருக்கும் ரௌட்டர் அந்த வழியை மறந்துவிட்டால், நாம் கூப்பிட்டால் போகும், நமக்கு வரும் கால் மட்டும் மணி அடிக்காது. ஃபைபர் பெட்டியை, ரௌட்டர் வேலையை விட்டு நெட்டை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லலாம், அல்லது மெஷ்ஷை, வைஃபை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் மோடில் வைக்கலாம். கஸ்டமர் கேரிடம் மன்றாட வேண்டாமே என்று நான் செய்தது இரண்டாவது. ரௌட்டரில் அந்தச் சுரங்கத்தைத் தடுக்காமல் விடும் ஐபிசெக் பாஸ்த்ரூ என்று ஒன்று இருந்தால் ஆன் செய்துவிடுங்கள். போனில் விபிஎன், விளம்பரத்தைத் தடுக்கும் டிஎன்எஸ் ஏதாவது ஓடினால் அதையும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

மெயினில் சரி, மற்ற பெட்டி பக்கத்தில் மட்டும் திக்குகிறதா? அப்படியானால் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில்தான் கோளாறு. எல்லாரும் செய்கிற தப்பு, சிக்னல் செத்த இடத்திலேயே பெட்டியைக் கொண்டுபோய் வைப்பது. பாதி வழியில், நல்ல சிக்னல் கிடைக்கும் இடத்தில் வையுங்கள். முடிந்தால் ஈத்தர்நெட் வயர் இழுத்துவிடுங்கள். ஜன்னல் வழியாக இழுத்தேன், வீட்டு ஓனர் முகம் சுளித்தார், ஆனால் மற்ற எதையும்விட அதுதான் வேலை செய்தது. மெஷ் ஆப் சேனல் மாற்ற விட்டால் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் 36 முதல் 48 வரைக்குள் வையுங்கள். 52 முதல் 144 வரை ரேடாருடன் பங்கு போடும் சேனல்கள், ரேடார் தெரிந்தால் ரௌட்டர் உடனே சேனலை விட்டு ஓடவேண்டும், பேச்சு அந்தரத்தில் நிற்கும். ஹெச்ஏஎல் விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கும்போது அந்த வம்பு எனக்கு எதற்கு?

நடந்தால் மட்டும் கட்டாகிறது என்றால், எந்தப் பெட்டியைப் பிடிப்பது என்று முடிவு செய்வது மெஷ் இல்லை, உங்கள் போன். ஐபோன், சிக்னல் மைனஸ் 70 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) வரை இறங்கிய பிறகுதான் அடுத்ததைத் தேடவே ஆரம்பிக்கும். பெட்டிகள் நெருக்கமாக இருந்தால் சில போன்கள் இங்கும் அங்கும் தாவும், அல்லது பழையதையே பிடித்துத் தொங்கும். நான் ஃபிரிட்ஜ் பக்கத்தில் இருந்த மூன்றாவது பெட்டியைக் கழற்றிவிட்டேன், மாடிப்படித் தொல்லை பாதி அதிலேயே தீர்ந்தது. காசு கொடுத்து வாங்கியதைக் கழற்ற மனசு வராதுதான். ஆப்பில், பெட்டி விட்டுப் பெட்டி சீக்கிரம் தாவ உதவும் ஃபாஸ்ட் ரோமிங் என்று இருந்தால் ஆன் செய்யுங்கள், ஆனால் பழைய பிரிண்டர், கேமரா ஏதாவது அதற்கப்புறம் இணையாமல் அடம்பிடித்தால் மறுபடி ஆஃப். பரணில் கிடந்த பழைய ரௌட்டரை எக்ஸ்டெண்டராக மாட்டியிருந்தால் அதில் டிஹெச்சிபி (போன்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலை) ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அங்கே போனதும் போனுக்கு ஐபி முகவரி மாறிவிடும், கால் அதோடு போச்சு.

வாசலைத் தாண்டும்போது கட்டானால் போனில் வோல்ட்டி (4ஜி வழியாகப் பேசும் வசதி) ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபையிலிருந்து டவருக்குக் கால் கைமாறுவது அதை நம்பித்தான், வாசலில் 4ஜி இல்லையென்றால் ஒன்றும் செய்வதற்கில்லை.

அப்புறம் நம்ம ஊர் கரண்ட். அது போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடியில் பெட்டிகள் அணைந்து, மறுபடி எழுந்து ஒன்றையொன்று கண்டுபிடிக்கச் சில நிமிடம் ஆகும். ரௌட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறது. அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப் என்று படித்துவிட்டு வாங்குங்கள், ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து வாங்குங்கள். நான் மெஷ்ஷுக்கு மட்டும் வாங்கிவிட்டு, அடுத்த கரண்ட் கட்டில் விளக்கெல்லாம் அழகாக எரியும் பெட்டியை வைத்துக்கொண்டு, நெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.