வெப்ஹுக் வந்ததும் முதலில் 200 சொல்லிவிடுங்கள்

வெப்ஹுக் (ஒரு சேவையில் ஏதாவது நடந்தால் அது நம் சர்வருக்குத் தானாக அனுப்பும் தகவல்) வந்தவுடன், உண்மையில் அவர்கள்தான் அனுப்பினார்களா என்று காட்டும் கையெழுத்தைச் சரிபாருங்கள், வந்த தரவை அப்படியே ஒரு டேபிளில் எழுதுங்கள், உடனே 200 (‘சரி, கிடைத்தது’ என்று சொல்லும் HTTP குறியீடு) என்று பதில் அனுப்பிவிடுங்கள். மெயில் அனுப்புவது, இன்வாய்ஸ் போடுவது எல்லாம் அப்புறம் தனி வேலையாக ஓடட்டும்.

காரணம், அனுப்புகிறவர்கள் அதிக நேரம் காத்திருப்பதில்லை. ஸ்லாக் ஈவென்ட்டுக்கு 3 விநாடி, கிட்ஹப்புக்கு 10 விநாடி, அவ்வளவுதான். நீங்கள் பிடிஎஃப் தயாரித்து முடிப்பதற்குள் நேரம் கடந்தால், வேலை முடிந்திருந்தாலும் அவர்கள் கணக்கில் அது தோல்விதான். பணம் வசூலிக்கும் சேவையான ஸ்ட்ரைப் போன்றவை அதையே திரும்ப அனுப்பும், வாடிக்கையாளருக்கு ஒரே ரசீது இரண்டு தடவை போகும். அதனால் அந்த டேபிளில் ஈவென்ட் ஐடிக்கு யூனிக் கட்டுப்பாடு வைப்பது நல்லது. இரண்டாவது முறை வந்தால் பதிவாகாது. அதற்கும் 200 சொல்லிவிட்டு விட்டுவிடலாம்.

வரிசை மாறக்கூடாது: எழுதிய பிறகுதான் 200. கிட்ஹப் தோற்றுப்போனதைத் தானாகத் திரும்ப அனுப்பாது. எழுதும் முன்பே அதற்கு 200 சொல்லிவிட்டு இங்கே சர்வர் விழுந்தாலோ, தோல்வி என்ற தடயம்கூட அங்கே இருக்காது.

பதிலிலேயே விஷயம் இருக்க வேண்டிய இடத்தில் இது உதவாது. தொலைபேசி அழைப்புகளைக் கையாளும் சேவையான ட்விலியோவில் அழைப்பு வரும்போது அடுத்து என்ன செய்வது என்பதை அந்தப் பதிலில்தான் சொல்ல வேண்டும். ஸ்லாக் உங்கள் முகவரியைச் சரிபார்க்க அனுப்பும் சேலஞ்ச் என்ற சோதனைச் சொல்லையும் பதிலில் அப்படியே திருப்பித் தர வேண்டும். ஒரு வரியை டேட்டாபேஸில் மாற்றுவது மட்டும்தான் வேலை என்றால் இத்தனை ஏற்பாடு தேவையில்லை, நேராகவே செய்துவிடலாம்.