டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுபவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையில் இருப்பவர்கள் லேப் ரிப்போர்ட்டைக் காட்டி 'லெவல் சரியா இருக்கா?' என்று கேட்பார்கள். ஊசி போட்டு எத்தனையாவது நாள் ரத்தம் கொடுத்தார்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்லவே முடியாது.

250 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனான்தேட் ஊசியை மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடுபவரை எடுத்துக்கொள்வோம். இரண்டு மூன்று நாளில் அளவு எகிறி, இயல்பான வரம்பையே தாண்டிவிடும். மூன்றாவது வாரக் கடைசியில் தரைமட்டத்துக்கு வந்துவிடும். இந்த இரண்டு நாட்களில் எதில் எடுத்த ரிப்போர்ட்டை வைத்து டோஸை மாற்றினாலும் தவறுதான். எனான்தேட், சிபியோனேட் ஊசிகளுக்கு இரண்டு ஊசிகளுக்கும் நடுவில் பார்க்க வேண்டும்; அப்போது டெசிலிட்டருக்கு 350 முதல் 600 நானோகிராம் இருந்தால் போதும். 1000 மில்லிகிராம் அன்டெகனோயேட் ஊசி என்றால் அடுத்த ஊசிக்குச் சற்று முன்பும், ஜெல் என்றால் பூசி 2 முதல் 8 மணி நேரத்துக்குள்ளும் ரத்தம் கொடுக்க வேண்டும்.

ஊசிக்கு முந்தைய நாட்களில் சோர்வும் எரிச்சலும் வந்தால் பலர் டோஸைக் கூட்டச் சொல்கிறார்கள். கூட்டினால் உச்சம்தான் இன்னும் உயரும். அதே மருந்தைப் பிரித்து வாரம் ஒருமுறை போட முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், யாருமே கவனிக்காத ஒரு எண்: ஹீமாடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பது. சாதாரண சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) ரிப்போர்ட்டில் 'பிசிவி' என்று இருக்கும். இந்த மருந்து சிவப்பணுக்களைப் பெருக்கி ரத்தத்தைக் கெட்டியாக்கும். 54 சதவீதத்தைத் தாண்டினால் சிகிச்சையை நிறுத்தி, அளவு இறங்கியபின் குறைந்த டோஸில் தொடங்குவதுதான் முறை. குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்பதையும் அப்போதே பார்க்க வேண்டும். ரத்த தானம் செய்து எண்ணை இறக்கிவிட்டு அதே டோஸைத் தொடர்வது தீர்வே அல்ல, இரும்புச்சத்துதான் குறையும். தொடங்கும் முன், 3 முதல் 6 மாதத்துக்குள், ஓராண்டில், பிறகு ஆண்டுதோறும் சிபிசி பாருங்கள். நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் புராஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள்.

பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் கூடிவிடுமோ என்ற பயத்தில், அதைக் குறைக்கும் அனஸ்ட்ரோசோல் மாத்திரையைத் தானாக வாங்கிப் போடுவதும் நடக்கிறது. எலும்புக்கும் பாலுணர்வுக்கும் ஈஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஆணுக்கும் வேண்டும். அதை அளவுக்கு மீறிக் குறைத்தால் மூட்டு வலிக்கும், எலும்பு தேயும். மார்பில் வலியோ வீக்கமோ இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், டோஸைச் சரிசெய்தாலே அடங்கலாம்.

என்னை மிகவும் வருத்துவது குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் இந்த ஊசியைப் போட்டுக்கொள்வதுதான். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை, விதைப்பையைத் தூண்டும் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் ஹார்மோன்களின் சுரப்பை அடக்கிவிடும். விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் வரை போகலாம். நிறுத்தினாலும் திரும்பப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும். ஹெச்சிஜி, க்ளோமிஃபீன் மருந்துகள் போன்ற வேறு வழிகள் இருக்கின்றன. முதல் ஊசிக்கு முன்பே 'எங்களுக்குக் குழந்தை வேண்டும்' என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஜெல் பூசுபவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமலும், பூசிய இடத்தைச் சட்டையால் மூடாமலும் குழந்தையைத் தூக்காதீர்கள். தோல் வழியே குழந்தைக்கும் மருந்து போகும்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 2023இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில், மாரடைப்பும் பக்கவாதமும் இந்தச் சிகிச்சையால் கூடவில்லை. ஆனால் நுரையீரல் ரத்தக்கட்டியும் இதயத் துடிப்புக் கோளாறும் சற்று அதிகமாகவே இருந்தன.